உன் அண்ணன் கத்தரிக்கு மருந்தடித்த கதை

சாந்தோம், சென்னை

அன்புள்ள நாத்தனார் அல்போன்சாவுக்கு அண்ணி ஜொவிட்டா எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அண்ணனும் சுகம் என்று நேற்றிலிருந்துதான் எழுத முடிகிறது. போனில் சொல்லலாமென்றால், நான் பேச ஆரம்பித்ததுமே பக்கத்தில் வந்து நின்று, "அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்" என்கிறார். அதனால் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து, கோவில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் மொட்டை மாடியில் கத்தரி வளர்க்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும். செடியெல்லாம் பூச்சி. அடையாற்றில் ஒரு நர்சரிக்குப் போய், கார்பமேட் வகையாம், ஒரு டப்பா பூச்சிமருந்துப் பொடி வாங்கி வந்தார். "லேபிளைப் படிச்சிட்டு அடிங்க சார்" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். படித்தார் அல்போன்சா, ஒரு வரி விடாமல், கையில் சிவப்புப் பேனாவோடு படித்தார். முகமூடி அணிக, காற்றுக்கு எதிரே தெளிக்காதே, பூத்திருக்கும்போது அடித்தால் தேனீ சாகும், கை கழுவாமல் எதையும் உண்ணாதே என்றெல்லாம் போட்டிருந்த இடத்தில் விட்டுப்போன ஒற்றுகளைச் சேர்த்தார். 'கையுரை' என்று தப்பாக அச்சிட்டிருந்ததை 'கையுறை' என்று திருத்தி வட்டம் போட்டார். கையுறையை மட்டும் போடவில்லை.

வாளித் தண்ணீரில் பொடியைக் கொட்டி முழங்கை வரை விட்டுக் கலக்கினார். கடலைப் பார்த்து நின்று தெளித்தார். மத்தியானத்துக்கு மேல் இங்கே காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று இந்த ஊரில் பிறந்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா? செடிக்குப் போனது பாதி, பனியனுக்கு வந்தது மீதி. அந்த ஈரப் பனியனோடு இறங்கி வந்து, கையைக்கூடக் கழுவாமல் முறுக்கை எடுத்துக் கடித்தார்.

காப்பி ஆறுவதற்குள் வேர்த்துக் கொட்டியது. வாயோரம் எச்சில் வழிந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை. "கண்ணு மங்குது ஜொவிட்டா" என்றவர் வாந்தியும் எடுத்துவிட்டார். மாரடைப்பென்றே நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஏதோ பொன்மொழி எழுதியிருந்தது. நாலு வார்த்தையில் மூன்று பிழை. இவர் அதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உயிரே போயிற்று. வழியெல்லாம் ஜெபமாலையைப் பிடிக்கவில்லை, அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அஸ்மத்துன்னிசா என்று சின்னப் பெண். டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்மணி இரண்டும் குண்டூசி முனை போலச் சுருங்கியிருந்தன. "சார், செடிக்கு ஏதாச்சும் மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"கொஞ்சூண்டுதாம்மா."

உடனே பனியனைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பெல்லாம் கழுவச் சொல்லிவிட்டு என்னிடம் விளக்கினாள். "நரம்பு ஒரு சேதி சொல்லிச்சுன்னா, அத முடிச்சு வைக்க உடம்புல ஒரு சத்து இருக்கும்மா. இந்த மருந்து அதைக் கட்டிப்போட்டுடும். அப்புறம் சொன்னதையே சொல்லிக்கிட்டே இருக்கும், நிறுத்தவே நிறுத்தாது."

"அது இவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருக்கும்மா" என்றேன்.

அவள் சிரிக்காமல் மருந்தின் பேரைக் கேட்டுக்கொண்டாள். "மூச்சுத் திணறல் வந்திருந்தா ரொம்பக் கஷ்டம். நல்லவேளை, இந்த வகை சீக்கிரமே பிடியை விட்டுடும்" என்று சொல்லி, அட்ரோபின் ஊசி போட்டாள். எச்சிலும் வேர்வையும் நின்றன. ஆனால் வாய் வறண்டு, முகம் சிவந்து, புத்தி கொஞ்சம் தடுமாறிவிட்டது. எழுந்து உட்கார்ந்து, அடுத்த கட்டிலில் வயிற்று வலியோடு கிடந்த பட்டினப்பாக்கம் மீன்காரம்மா முனியம்மாளைப் பார்த்து, "வல்லினம் மிகும் இடம் சொல்" என்று அதட்டினார்.

"இன்னாம்மா இது? நானே வவுத்து வலில துடிச்சிக்கினு கீறேன், இந்தாளு பாடம் நட்த்துறாரு!"

"எழுந்து நின்று பதில் சொல்!"

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, "மிகும் சார், எல்லா எடத்துலயும் மிகும்" என்றாள். இவர் திருப்தியாகப் படுத்துவிட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். டப்பாவை நர்சரியிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. மாடிக்கதவைப் பூட்டிவிட்டேன், சாவி என் இடுப்பில். அவர் கேட்பது உன் பேச்சு ஒன்றைத்தான். இனி மாடிப்பக்கமே போகக்கூடாது என்று நாலு வரி கண்டிப்பாக எழுதிப் போடு.

மாதா உன் வீட்டு வாசலில் காவல் நிற்கட்டும். பிள்ளைகள் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போட்டுவிடு.

அன்பு அண்ணி,
ஜொவிட்டா பவுல்சாமி

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து இது ஒரு வாரமாகப் பையிலேயே கிடந்துவிட்டது. மேலே கேட்டதை அடித்துவிடு. மாடிக்குப் போக முடியாத மனிதர் சமையலறைக்குள் வந்துவிட்டார். டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார். உப்பை உயிரெழுத்திலும் மிளகாயை உயிர்மெய்யிலும் தேடுகிறேன். ரசம் கொதிக்கும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பொங்குகிறது, பொங்குகிறது" என்கிறார். சாவியை இன்று காலை நானே அவர் கையில் கொடுத்துவிட்டேன். நீ எழுத வேண்டியது இதுதான்: 'அண்ணா, செடிகள் உங்களை நம்பி இருக்கின்றன, பகலெல்லாம் மாடியிலேயே இருங்கள்.' பூச்சிக்கு வேப்பெண்ணெய் போதுமாம். உங்கள் ஊர்ச் செக்கில் ஆட்டியது இரண்டு புட்டி அனுப்பு. பெரிய புட்டியாக, சீக்கிரம்.