சாத்திய அறையில் சாப்பிட்ட சைக்கிள் வீரர்

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எனக்குப் பதினொன்றாவதாக ஒரு வேலையும் பறந்தது. அதுவும் சாதாரண வேலை இல்லை, சைக்கிள் ஓட்டுவதற்கே மாதச் சம்பளம் வாங்கும் வேலை.

நாட்டின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குச் சில வாரங்களே இருந்த சமயம். எங்கள் ஊரின் பண்டார் ஹிலிரில் சைக்கிள் கடை வைத்திருந்த தவுக்கே ஒருவர், அதாவது சீன முதலாளி, ஊர்ப் பந்தயத்தில் முதலாவதாக வருபவனைத் தன் கடையின் சம்பளக்காரப் பந்தய வீரனாக வைத்துக்கொள்வதாக அறிவித்திருந்தார். சைக்கிள், டயர், சட்டை எல்லாம் அவர் செலவு. ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஊர் ஊராகப் போய் ஓட்ட வேண்டியதுதான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் ராத்திரியெல்லாம் தூக்கத்தில் பெடல் மிதித்து, பக்கத்தில் படுத்திருந்த தம்பியை உதைத்துக்கொண்டிருந்தேன்.

பந்தய நாளில் சாப்பிடக் கூடாது என்பது என் கொள்கை. வயிறு காலியாக இருந்தால் உடம்பு லேசாகும், மேட்டில் பறக்கலாம் என்று நானே கண்டுபிடித்திருந்தேன். (அம்மா இட்லித் தட்டோடு தெருமுனை வரை துரத்தினாள். கேட்டால்தானே!)

மதியம் ஊர்த் திடலில் கிளம்பி, அலோர் காஜா போய், குருபோங் வழியாகத் திரும்ப வேண்டும். திரும்பும்போது நான்தான் முதல். பின்னால் கண்ணுக்கு எட்டியவரை ஒருவரும் இல்லை. சாலை போடும் இடத்தில் கிளம்பிய கல்தூசி வியர்வையில் ஒட்டி, தலை முதல் கால் வரை வெள்ளையாக இருந்தேன். ரப்பர் காட்டுக்குள் நுழைந்ததும் மேகம் கவிந்து, பட்டப்பகலிலேயே இருட்டிவிட்டது. ஓர் இலை அசையவில்லை. எனக்குப் பின்னால் இன்னொரு சங்கிலி ஓடும் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வெறும் சாலை. நான் மெதுவாக மிதித்தால் அதுவும் மெதுவானது. எனக்குப் பயமாக இருந்தது. வேகமாக ஓட்டியது வீரத்தால் அல்ல என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

காஜா பெராங் வந்தபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கைப்பிடி தானாக ஆடியது. அங்கே எங்கள் வீடு சாலையோரம்தான். ஒரு வாய் சோறு போட்டுக்கொண்டால் திடல் வரை போய்விடலாம். ஆனால் வீடு பூட்டியிருந்தது. நான் ஜெயிப்பதைப் பார்க்க எல்லோரும் திடலுக்குப் போயிருந்தார்கள். தெருவில் நாய்கூட இல்லை.

பக்கத்து வீட்டுப் பின்கதவு மட்டும் ஒருக்களித்துத் திறந்திருந்தது. அது மங்களம் அக்காவின் வீடு. அவர்கள் செட்டி சமூகத்தார், தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள், பேசுவது மலாய். நாங்கள் தோட்டத்திலிருந்து அந்தத் தெருவுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நாளைக்கு வீட்டில் பெரிய சாப்பாடு, அவசியம் வந்து சாப்பிட வேண்டும் என்று அக்கா முதல் நாள்தான் அழைத்திருந்தார். ஜெயிக்கப்போகும் எனக்கான விருந்து அது என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

உள்ளே போனேன். முன்னறையின் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. சாம்பிராணிப் புகைக்கு நடுவே வரிசையாக வாழையிலைகள். சோறு, கோழி, சம்பால், டுரியான், மங்குஸ்தீன் பழங்கள் எல்லாம் பரிமாறியிருந்தன, சோற்றில் ஆவி பறந்தது. உட்கார ஒருவர்கூட இல்லை. ஓர் இலைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சிகரெட் தன்பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டிலும் இறந்தவர்களுக்குப் படையல் போடுவோம். ஆனால் ஒரே இலை, எதிரே மாலை போட்ட படம். இங்கே படமும் இல்லை, மாலையும் இல்லை, பந்திபோல இலைகள். விருந்துதான் என்று முடிவு செய்தேன். பக்கத்து இலையில் யாரோ காலை மடித்து உட்காரும் சரசரப்புக் கேட்டது. "நேரமாச்சுங்க, நான் ஆரம்பிச்சிக்கிறேன்" என்று காலி அறையிடம் சொல்லிவிட்டு, சிகரெட் புகைந்த இலையிலேயே உட்கார்ந்தேன்.

பாதிக் கோழி போயிருக்கும், முன்கதவு தட்டப்பட்டது. அனுமதி கேட்பதுபோல மெதுவாகத் தட்டி, கொஞ்சம் காத்திருந்து, பிறகு திறந்தார்கள். வாசலில் மங்களம் அக்காவும் அவர் கணவரும் சொந்தக்காரர்களும் கை கூப்பியபடி நின்றார்கள். இத்தனை பேரும் சத்தமே இல்லாமல் தெருவுக்குத் தெரியாதபடி தட்டி மறைத்த திண்ணையில் காத்திருந்திருக்கிறார்கள். பழங்கள் பழுக்கும் பருவத்தில் அவர்கள் முன்னோர்களுக்குப் போடும் 'பர்ச்சு' படையல் அது என்றும், முன்னோர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அக்கம்பக்கத்தாருக்குச் சாப்பாடு என்றும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

யாரும் அலறவில்லை. அலறியிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். அக்கா மட்டும் ஓரடி முன்னால் வந்தார்.

"தம்பி?" என்றார்.

அவருடைய தம்பி ஒரு சைக்கிள் பைத்தியம். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. நான் உட்கார்ந்திருந்தது அவனுடைய இலை. வெள்ளை உடம்பும் பந்தயத் தொப்பியும் கோழிக்காலுமாக நான் எழப் பார்த்தேன். அக்கா என் தோளில் கை வைத்தார்.

"மக்கான் டூலு" என்றார். முதலில் சாப்பிடு.

அப்போது வெளியே சாலையில் சைக்கிள்கள் விர்ரென்று போகும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு கூட்டமாக. என் சிங்கப்பூரும் பினாங்கும் அந்தச் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தன. எழுந்திருக்க முடியவில்லை. அக்கா அழுதுகொண்டே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். நானும் அழுதுகொண்டே சாப்பிட்டேன். (சம்பாலின் காரம் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.)

தண்ணீர் குடித்தபோது முகத்தில் வழிந்து தூசி கரைந்தது. பக்கத்து வீட்டுப் பையன் என்று அக்காவின் கணவருக்குப் புரிந்துவிட்டது. படையல் தீட்டுப்பட்டுப்போனதாக அவர் கத்த ஆரம்பித்தார். அக்கா அவரைத் தடுத்துவிட்டார். சாத்திய அறைக்குள் வந்து சாப்பிட்டவன் யாரானாலும், அவனைத் தம்பிதான் அனுப்பியிருக்கிறான் என்றார்.

சிகரெட்டைப் பற்றவைத்தது யார் என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். இலைக்குப் பக்கத்தில் சிகரெட்டும் தீப்பெட்டியும் வைத்ததோடு சரி, பற்றவைப்பது வழக்கமில்லை என்றார் அக்கா. எனக்குப் புகைக்கும் பழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அன்று திடலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பரிசளிப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தவுக்கே குழம்பு ஒட்டிய என் மஞ்சள் விரல்களை முகர்ந்து பார்த்தார். பந்தயத்துக்குக் கால் வேண்டும், உனக்கு வயிறு மட்டும்தான் இருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவர் கடை வாசலில், சம்பள வீரனாகிவிட்ட வேறொருவனின் சைக்கிளை அவரே துடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன். அது வலித்தது. சிரிக்கப் பல வருடங்கள் பிடித்தன.

மங்களம் அக்கா அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் இலை போடுவதற்கு முன்பே எனக்கு ஒரு தட்டு அனுப்பிவிடுவார். பக்தியா, முன்னெச்சரிக்கையா தெரியாது. எங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டு நேரம் பார்த்து வந்து நின்றால், "பெரியவங்க வந்துட்டாங்க, கதவைச் சாத்துங்க" என்பார்கள்.

போன மாதம் எனக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. நான் போன பிறகு வருடா வருடம் எனக்குப் பிடித்த கோழியைச் சமைத்து இலை போடுவாயா என்று மனைவியிடம் உருக்கமாகக் கேட்டேன்.

"எதுக்கு? ஒங்க பங்கத்தான் உசுரோட இருக்கப்பவே சாப்பிட்டுட்டீங்களே" என்றாள்.