லாரிக்கு டானிக் கொடுத்தவர்

ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே லாரி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். லாரியை வளர்த்தவர் டானிக் அண்ணன் ஒருவர்தான். மற்ற டிரைவர்கள் டீசல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் சீட்டுக்கு அடியிலிருந்து டீசலில் கலக்கும் டானிக் பாட்டில் ஒன்றை எடுத்து, இருமல் மருந்து மூடியால் அளந்து டாங்கியில் ஊற்றுவார். பிறகு டாங்கியின் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுப்பார். அது ஏப்பம் விட்டால்தான் வண்டியை எடுப்பார் என்று பங்க் பையன்கள் சத்தியம் செய்வார்கள்.

அவர் ஓட்டிய லாரி செட்டில் நான் புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். டீசலைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தால் என் மத்தியானச் சாப்பாடு சாயங்காலமாகிவிடும்.

"இப்ப வார டீசல்ல கந்தகத்தை எடுத்துட்டாய்ங்க தம்பி. புகை குறையுது, நல்லதுதேன். ஆனா கூடவே வழவழப்பும் போயிருச்சுல்ல? எஞ்சின் பம்புக்கு டீசலை விட்டா வேற எண்ணெய் ஏது? எண்ணெய் காணாத தலை மாதிரி வறண்டுரும்யா!"

கேட்கும்போதே நமக்குத் தலை அரிக்கும்.

எங்கள் மேனேஜர் மகள் கல்யாணம் பரமக்குடியில் நடந்தது. மாப்பிள்ளை டீசல் கார் வைத்திருக்கிறார் என்று எப்படியோ தெரிந்துகொண்ட அண்ணன், ஒரு பாட்டில் டானிக்கைப் பளபளக்கும் காகிதத்தில் சுற்றி மேடையில் கொடுத்துவிட்டார். பாட்டிலின் வடிவத்தைப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமன், அதை வேட்டியில் மறைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் நழுவினார். அண்ணன் சோற்றுக் கையோடு பந்தியிலிருந்து எழுந்து ஓடினார்.

"மாமா, குடிச்சிராதீக! அது கார் எஞ்சினுக்கு. உங்க எஞ்சினுக்கு இல்ல!"

மண்டபமே சிரித்தது. மாமா மட்டும் அதன் பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை.

வாழ்க்கை இப்படி வழவழவென்று போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் முதலாளியம்மா புது லாரி வாங்கினார். அதை ஒப்படைத்த சர்வீஸ் இன்ஜினியர், வழவழப்புக்கு வேண்டியதைக் கலந்துதான் டீசல் பங்க்குக்கே வருகிறது என்றும், கண்டதையும் ஊற்றினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும், வாரண்டியும் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார். முதலாளியம்மா அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இனிமே இந்த வண்டிக்கு மருந்து மாயம் எதுவும் வேணாம். ஊத்துனீங்கன்னு தெரிஞ்சா வேற டிரைவர் பாக்க வேண்டியதுதான்."

அண்ணன் தலையாட்டினார். அன்றிலிருந்து துக்க வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். தினமும் காலையில் எஞ்சின் பக்கம் காதை வைத்துக் கேட்பார். "பிள்ளைக்கு நாக்கு வறளுது தம்பி," என்று என்னிடம் வந்து முனகுவார். அவர் கன்னம்தான் ஒட்டிப்போனது. லாரி நன்றாகத்தான் ஓடியது.

ஒருநாள் ஓடவில்லை. காரங்காட்டில் நண்டுக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பியவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நட்டநடு வெயிலில் நின்றுவிட்டார். அத்தனையும் உயிர் நண்டு. செத்தால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். போன் வந்ததும் முதலாளியம்மா என்னையும் மெக்கானிக்கையும் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். வழியெல்லாம் ஒரே பேச்சு: "ஊத்திப்புட்டாரு. சொல்லச் சொல்லக் கேக்காம ஊத்திப்புட்டாரு!"

நாங்கள் போனபோது அண்ணன் லாரியின் மேல் நின்று, கூடைகளை மூடியிருந்த சாக்குகளுக்கு உப்புத்தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி அதையும் நனைத்து ஒரு கூடைமேல் போட்டிருந்தார்.

"என்னத்தண்ணே ஊத்துனீங்க?"

"ஏர்வாடி தர்கா சத்தியமா ஒண்ணும் ஊத்தலம்மா."

முதலாளியம்மா கேபினில் ஏறி சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கை பாட்டிலோடு வெளியே வந்தது. அண்ணன் வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். முதலாளியம்மா பாட்டிலைத் திருப்பி மூடியைப் பார்த்தார். சீல் உடையவே இல்லை.

"ஊத்தாததுக்கு ஏண்ணே சுமந்துக்கிட்டுத் திரியுறீங்க?"

அண்ணன் குனிந்துகொண்டார். "பக்கத்துல இருந்தா ஒரு தெம்பும்மா. எனக்கு."

அதற்குள் மெக்கானிக் டீசல் ஃபில்டருக்கு அடியிலிருந்த திருகைத் திறந்திருந்தான். தண்ணீராகக் கொட்டியது. எந்த டீசலோடு எப்போது புகுந்ததோ. அவன் நிமிர்ந்து அறிவித்தான்: "தண்ணி போட்டது வண்டிதாம்மா. டிரைவர் இல்ல!"

முதலாளியம்மா சிரித்த சிரிப்பில் கூடைக்குள் நண்டுகளே மிரண்டிருக்கும். தண்ணீரை வடித்து, ஃபில்டரை மாற்றியதும் லாரி உறுமியது. ஓரிரு கூடை நண்டு செத்துப்போனது. மிச்சமெல்லாம் உயிரோடு மதுரை சேர்ந்தது. அடுத்த வாரம் முதலாளியம்மாவே சர்வீஸ் சென்டரில் விசாரித்து, அவர்கள் கெடுதல் இல்லை என்று ஒப்புக்கொண்ட ஒரு பாட்டிலை வாங்கிவந்து அண்ணன் கையில் கொடுத்தார். அதை அவர் வாங்கிய அழகைப் பார்க்க வேண்டுமே! பிரசாதம் வாங்குகிறவர்கூட அவ்வளவு குனிய மாட்டார்.

இப்போது நானும் ஒரு பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். மருந்தெல்லாம் தேவையே இல்லை என்று மெக்கானிக் சொல்கிறான், எனக்கும் தெரியும். ஆனாலும் செட்டுப் பக்கம் போனால், "தம்பி, இங்கன நிறுத்து, மூடியத் தெற," என்றபடி அண்ணன் பாட்டிலோடு வருவார். நான் இறங்கிப் போய் மூடியைத் திறந்துவிட்டு, அவர் அளந்து ஊற்றித் தட்டிக்கொடுக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.