நகர்ந்துகொண்டே இருந்த நிறுத்தம்

"பஸ் நிறுத்தத்தைத் தூக்கு" என்று எசென்பெக் சொன்னதை கிரேன் ஓட்டுநர் நம்பவில்லை.

"தூக்கி எங்கண்ணே வைக்கிறது?"

"எங்கயாவது வை. புகை வராத இடமாப் பாரு."

ஊரின் போக்குவரத்துப் பிரிவுக்கு எசென்பெக்தான் தலைவர். பயம் வந்தால் அவருக்கு முதலில் வாய் உத்தரவு போடும், பிறகுதான் மூளை வேலை செய்யும். அன்று காலையிலிருந்து வாய் மட்டுமே வேலை செய்துகொண்டிருந்தது.

காரணம், தலைநகரிலிருந்து வந்த புது உத்தரவு. சாலையோ, பள்ளிக்கூடமோ, சந்தையோ, எந்தத் துறை எதில் கை வைத்தாலும் அது ஜனங்களின் உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அப்படிப் பார்க்கிறார்களா என்று பார்ப்பதற்கு சால்தனாத் என்ற பெண் அதிகாரி வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறார். மேயர் எசென்பெக்கைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார்.

"மத்தவங்க எப்படியோ சமாளிச்சுக்குவாங்க. உன் பஸ் நிறுத்தம்தான்யா ஊர் நடுவுல இருமிக்கிட்டு நிக்குது. அந்தம்மா கண்ணுல அது பட்டுச்சு, அப்புறம் உன் நாற்காலில நீ இருக்க மாட்டே."

மேயர் சொன்னது பொய் இல்லை. நிறுத்தத்துக்கு நேர் எதிரே பொது வெந்நீர்க் குளியல்கூடம். குளிர்காலம் வந்துவிட்டால் அதன் நிலக்கரிப் புகை மேலே போகச் சோம்பல்பட்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மேல் இறங்கி உட்காரும்.

தகரக் கூரையும் பெஞ்சும் மருத்துவமனை வாசலுக்குப் போயின. உடம்புக்கு நல்லது என்றால் மருத்துவமனையைவிட நல்ல இடம் ஏது என்று எசென்பெக்குக்குத் தோன்றியது. மறுநாள் மத்தியானம் வரைக்கும் நிம்மதியாக இருந்தார். அப்போது மருத்துவமனையிலிருந்து டாக்டர் கானிகேய் போன் செய்தாள்.

"உங்க பஸ் எங்க வாசலை அடைச்சுக்கிட்டு நின்னுது. பின்னால ஆம்புலன்ஸ். உள்ள பிரசவ வலியில ஒரு பொண்ணு."

எசென்பெக் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "அந்தப் பொண்ணு..."

"நல்லாருக்கா. வண்டிக்குள்ளயே பொறந்துடுச்சு, ஆம்பளைப் புள்ளை. புள்ளையோட அப்பா உங்க பேரைக் கேட்டாரு. வாழ்த்தவா திட்டவான்னு தெரியல, நான் சொல்லல."

அன்று சாயங்காலமே நிறுத்தம் மறுபடி கிரேனில் ஏறியது. இந்தத் தடவை பாலத்துக்கு அந்தப் பக்கம், பாப்ளர் மரங்களுக்கு நடுவே. ஏரியிலிருந்து சுத்தமான காற்று. காற்று எவ்வளவு சுத்தமோ அவ்வளவு குளிர். பெஞ்சில் உட்கார்ந்த கிழவர்கள் எழுந்திருக்கும்போது முனகினார்கள். அது பரவாயில்லை என்று எசென்பெக் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் மறுநாள் காலை, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரே அங்கே போய் நின்றார்.

பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் கடந்தாள். வளைவில் நிலக்கரி லாரி ஒன்று வந்தது. பனியில் அதன் சக்கரம் நிற்காமல் வழுக்கியது. அவள் கேனைப் போட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தாள். லாரி கேனை நசுக்கிக்கொண்டு போயிற்று. சாலை முழுக்கப் பால் ஓடிப் பனியோடு பனியாகிவிட்டது.

எசென்பெக் ஓடிப்போய் அவளைத் தூக்கினார்.

"அடி பட்டுச்சாம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. எந்தக் கூறுகெட்டவன் நிறுத்தத்தை இங்க கொண்டாந்து வச்சான்?"

அவர் நசுங்கிய கேனை எடுத்து ஓரமாக வைத்தார். அதுவரை அவர் பயந்தது நாற்காலிக்கு. இப்போது வந்தது வேறு பயம். தான் வாயால் சொன்ன ஒரு வார்த்தை ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்ததை அவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

அங்கே நின்றபடியே அடுத்த உத்தரவையும் போட்டார். சாலையில் உடனே ஒரு வேகத்தடை. லாரிகள் வேகத்தடைக்கு முன்னால் நின்று, முக்கி, கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு ஏறி இறங்கின. வேகத்தடைக்குப் பக்கத்திலேயே மழலையர் பள்ளி. அங்கே ஆசிரியையாக இருப்பவள் அவருடைய மனைவி பூரூல்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே பூரூல் ஆரம்பித்தாள். "ஜன்னலைத் தொறந்தா டீசல் நாத்தம், மூடினா மூச்சு முட்டுது. இன்னிக்கு மட்டும் மூணு குழந்தைங்க வாந்தி. எந்தப் புத்திசாலியோட வேலை இது?"

எசென்பெக் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டான போர்சோக்கைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே இருந்தார். அது கரைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது.

"நீங்கதானா?" என்றாள் பூரூல்.

"புகைக்குப் பயந்துதான் நகர்த்தினேன்."

"அப்ப புகைபோக்கியை ஒசத்தச் சொல்லுங்க. நிறுத்தத்தை ஏன் தூக்கிக்கிட்டுத் திரியறீங்க?"

"குளியல்கூடம் என் துறை இல்ல. அது சாகின்பாய்க்குக் கீழ வருது."

"இருமுறவங்க யார் துறை?"

சாகின்பாயோடு எசென்பெக்குக்குப் பேச்சு நின்று பல வருஷம். ஒரு கல்யாணத்தில் குதிரை இறைச்சியின் நல்ல துண்டு யாருக்கு என்பதில் வந்த சண்டை. அவர் முன்னால் போய் நிற்பதைவிட சால்தனாத் முன்னால் நிற்பதே தேவலை என்று தோன்றியது. இருந்தாலும் சாலையில் ஓடிய பால் கண்ணைவிட்டுப் போகவில்லை. வியாழக்கிழமை காலை டாக்டர் கானிகேயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் நின்றார்.

சாகின்பாய் கடைசி வரை கேட்டார். "குழாய் ஒசத்தணும், அவ்வளவுதானே? பழைய குழாய் பின்னாடி கிடக்குது. யாராச்சும் வந்து கேட்டாத்தானே எனக்குத் தெரியும்?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த இறைச்சி அன்னிக்குச் சரியா வேகவே இல்ல" என்றார்.

அன்றைக்கே புகைபோக்கி உயர்ந்தது. வேகத்தடையைப் பெயர்த்தார்கள். நிறுத்தம் பழைய இடத்துக்கே திரும்பியது.

வெள்ளிக்கிழமை சால்தனாத் வந்தார். வயதான, உயரமான பெண்மணி. முகத்தில் சிரிப்பு என்பதற்கான அறிகுறியே இல்லை. எசென்பெக் என்னென்னவோ பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தார். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய் உண்மை மட்டுமே வாயில் வந்தது. ஆம்புலன்ஸில் பிறந்த குழந்தை, நசுங்கிய பால் கேன், வாந்தி எடுத்த குழந்தைகள், ஒன்றையும் விடவில்லை.

சால்தனாத் கேட்டுக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆக முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் பழைய இடத்துலயே வச்சுட்டோம் மேடம்."

"திரும்ப வைக்கும்போது யாரும் ஒண்ணும் சொல்லலயா?"

"கை தட்டினாங்க மேடம்."

சால்தனாத் எழுந்தார். வெளியே போய் நிறுத்தத்துக்கு முன்னால் நின்று அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூணைத் தொட்டு, அது அசைகிறதா என்று ஆட்டியும் பார்த்தார். எசென்பெக் அலுவலக வாசலிலேயே நின்றுவிட்டார். வேலை போய்விட்டது என்று முடிவாகிவிட்டது. பூரூலிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கத் தொடங்கினார்.

சால்தனாத்தின் கார் ஓட்டுநர் சிகரெட்டை அணைத்துவிட்டு எசென்பெக் பக்கத்தில் வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, திரும்ப எப்படி வச்சீங்கன்னு மேடத்துக்குக் கொஞ்சம் விவரமாச் சொல்லிக் குடுங்க. தலைநகர்ல அவங்க தூக்கின நிறுத்தம் இன்னும் ஊரைச் சுத்திக்கிட்டே இருக்கு."