போர்வைக்குள்ள ஒரு ஓனரம்மா

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். காமெடி சீன் ஒண்ணைப் பேசி, வாய்ஸ் நோட்டா அனுப்பணும்.

காட்டாங்குளத்தூர் காலேஜ் பசங்க சிலர் ஆடியோ நாடகம் பண்றாங்க. குடித்தனக்காரியைத் திட்டுற ஓனரம்மாவுக்குக் குரல் தேடினாங்க. எனக்கு ஆசை. அஞ்சாவதோட படிப்பு நின்னவ, எதுலயாவது நம்ம பேரு வரட்டுமேன்னு.

வீட்டுக்காரர் சிரிச்சாரு. "நீ 'ஸ்டாப்பிங்'னு சொன்னதே கண்டக்டருக்குக் கேக்காம, பம்மல்ல இறங்க வேண்டியவங்க பல்லாவரம் போனோம்."

காலையில முதல் தடவை அனுப்பினேன். டைரக்டர் பொண்ணு பதில் போட்டா. "அக்கா, இது திட்டுற மாதிரி இல்ல. ரேஷன் கடையில கெஞ்சுற மாதிரி இருக்கு."

ரெண்டாவது தடவை சத்தமா பேசினேன். ஜோக் வந்ததும் நானே சிரிச்சுட்டேன்.

"சிரிக்க வேண்டியது கேக்குறவங்கக்கா. நீங்க நிஜமா கோவப்படணும். எதிரொலி வேற வருது, போர்வைக்குள்ள போய் பேசுங்க. நாலு மணிக்குள்ள வரலன்னா வேற ஆள் பாத்துடுவோம்."

மே மாசம். ஃபேனை நிறுத்திட்டுக் கம்பளிக்குள்ள போனேன். கையெடுத்தாலும் ரெக்கார்டு ஓடுற மாதிரி லாக் பண்ணி வெச்சு, ஆரம்பிச்சேன். "ஏம்மா, தண்ணி மோட்டார் என்ன உங்கப்பன் வூட்டுதா?"

கம்பளி பறந்துச்சு. எதிர்ல மாமியார். கையில திருநீறு.

"பட்டப்பகல்ல போத்திக்கினு யாரைடி திட்டுற?"

"நடிப்புங்கத்தை."

"ஏழு வருஷமா வாயத் தொறக்காதவ, கம்பளிக்குள்ள பூந்து கத்துறா. குன்றத்தூர் முருகா, இவளுக்குக் காத்து கருப்பு அடிச்சுடுச்சா? அடுப்புல பாலு பொங்குது, புள்ள அழுவுது, இவ நாடகம் ஆடிக்கினு கீறா. மாடியில துணி காயுதே, அதையும் நான்தான் எடுக்கணுமா?"

"சரிங்கத்தை."

"இன்னா சரி? போய் எடுடி."

"சரிங்கத்தை."

பாலை இறக்கி, துணி எடுத்து, புள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து பாத்தா மணி மூணு அம்பத்தெட்டு. ரெக்கார்டு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. பதட்டத்துல அப்படியே அனுப்பிட்டேன். மொத்தத்தையும்.

அரை மணி நேரத்துல பதில் வந்துச்சு. "செம அக்கா. சிரிக்க வைக்கணும்னு ஒரு இடத்துல கூட மெனக்கெடல, அவ்ளோ நிஜம். ஓனரம்மா கிடைச்சுட்டாங்க. அந்த ஆன்ட்டி ஃப்ரீயா?"

மாமியார் ரெண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டாங்க. "என் கொரலு நல்லாத்தான் கீது"ன்னாங்க.

எனக்கும் வேஷம் உண்டாம். குடித்தனக்காரி. வசனம் ஒண்ணே ஒண்ணு: "சரிங்கம்மா."

ஒத்திகைக்கு எப்ப வர்றீங்கன்னு அந்த டைரக்டர் பொண்ணு கேட்டா. அது ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆச்சும்மான்னு சொல்லிட்டேன்.