நெவில் அத்தான் தொலைந்து போகாத மாலை

ஜெரால்ட்டன்,
ஞாயிற்றுக்கிழமை காலை

என்றும் என் மதிப்புக்கும், போன செவ்வாய்க்கிழமையிலிருந்து என் பயத்துக்கும் உரிய ரோண்டா அக்காவுக்கு, உன் தம்பி காலின் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் வீட்டுக்காரர் நெவில் அத்தான் நலம். நீ தேடுவது அந்த வரியைத்தான் என்பதால் இன்னொரு தடவையும் எழுதிவிடுகிறேன்: அத்தான் நலம். இந்த நிமிஷம் என் சமையலறையில் நின்று, வாணலியைக் குறை சொல்லிக்கொண்டே முட்டை பொரிக்கிறார், உப்பில்லாமல். பன்பரியில் நீயும் உன் பூனையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

"இனிமே உன் குரலே என் காதுல விழக் கூடாது" என்று சொல்லி நீ ஃபோனை வைத்துவிட்டாய். கடிதத்துக்குக் குரல் கிடையாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

முதலில் உனக்கு நன்றி. நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு ஏழு மாதமாக நாற்காலியை விட்டு எழாமல், "உம்", "ஊஹூம்" தவிர வேறு பேச்சில்லாமல் இருந்த மனுஷனை என்னை நம்பி அனுப்பினாயே, அதற்கு. ஆயுள் முழுக்க ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக உட்கார்ந்து, அடுத்தவன் தப்பைச் சொல்லியே சம்பளம் வாங்கியவர் அவர். "வேணும்னே காரைத் தப்பாத் திருப்பிப் பாத்துட்டேன் காலின், ஒரு வார்த்தை சொல்லலைடா" என்று நீ ஃபோனில் அழுதாய். கடல் காற்று பட்டால் வாயைத் திறப்பாரோ என்னவோ என்றுதான், மாத்திரை டப்பாவும் நூறு நிபந்தனையுமாக அவரை பஸ் ஏற்றினாய். அந்த நிபந்தனைகளில் நான் எதை எதைக் காப்பாற்றினேன் என்பதை இப்போது சொல்லப் போகிறேன். உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை காலையில் வடக்கே கார்டன் துறையில் என் புதுப் படகை இறக்கினோம். கூடாரம், அடுப்பு, படுக்கை எல்லாவற்றையும் படகிலேயே ஏற்றிக்கொண்டு, ஆழத்தில் மீன் பிடித்துவிட்டு, முனைக்கு அந்தப் பக்கம் ஆட்டுப் பண்ணைக்காரருடைய கடற்கரையில் முகாம் போடுவதாகத் திட்டம். படகு இறக்கும் இடத்தில் வழக்கம்போல நான்கைந்து பேர் காப்பியும் கையுமாக அடுத்தவன் அசிங்கப்படுவதற்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அத்தானின் பையைத் திறந்தால் உள்ளே நீ வைத்தனுப்பிய வாழைப்பழம், ஒரு சீப்பு முழுசாக! அக்கா, படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் வராது, எஞ்சின் நிற்கும், ஆளுக்கு வாந்தி வரும். இந்தக் கடற்கரையில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும். தூக்கி எறிந்தால் நீ கேட்பாய் என்று கரையிலேயே தின்று தீர்ப்பதாக முடிவு செய்தோம். அத்தான் மூன்று, நான் நான்கு, மீதியை வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கொடுத்தோம். வாய் நிறைய வாழைப்பழத்தோடு வேலை செய்ததில், படகின் அடியில் தண்ணீர் வடியும் துளைக்குத் தக்கை போட மறந்துவிட்டேன். தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கணுக்கால் வரை கடல் உள்ளே வந்துவிட்டது. கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், அதுவும் நம் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே. அத்தான் ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்போது எனக்கு மனசு விட்டுப் போயிற்று. இதற்குக்கூட வாய் திறக்காதவர் வேறு எதற்குத் திறப்பார்?

தண்ணீரை இறைத்து, தக்கையைப் போட்டு, கிளம்பும்போது கடல் மீட்புத் தொண்டர்களுக்கு ரேடியோவில் தகவல் சொன்னேன். படகு எண், ஆள் இரண்டு, நாலு மணிக்குக் கரை சேர்ந்ததும் கூப்பிடுவோம், அவசரமென்றால் இந்த நம்பர் என்று உன் நம்பர். எனக்கென்று வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? இருபது வருஷமாகச் சொல்லி வாய்க்குப் பழகிய பாடம், ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

நீலத் தண்ணீருக்குப் போய்த் தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓட்டினோம். முதலில் மாட்டிய வஞ்சிரம் மேலே வரும்போது தலை மட்டும்தான் வந்தது. உடம்பைச் சுறா எடுத்துக்கொண்டது. நாங்கள் சுறாவை வரி வசூல்காரர் என்போம். அடுத்தது அத்தான் பக்கத்துத் தூண்டிலில் மாட்டியது. கம்பு வில்லாக வளைகிறது, ரீல் கத்துகிறது, அத்தான் எழுந்து நிற்கிறார். எனக்கு உன் முகம்தான் கண்முன் வந்தது. பாரம் தூக்கக் கூடாது, தையல் போட்ட நெஞ்சு! "விடுங்க அத்தான், குடுங்க, நான் இழுக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

"தொட்டுப் பாரு, கடல்ல தள்ளிருவேன்" என்றார்.

அக்கா, ஏழு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். என்னைக் கொல்லப் போவதாக இருந்தாலும் வாக்கியம் வாக்கியம்தானே! அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓய்வெடுத்து ஓய்வெடுத்து இழுத்தார். சுறா வருவதற்குள் மீன் படகுக்குள் வந்துவிட்டது, கிட்டத்தட்ட உன் இடுப்புயரம் இருக்கும். "வரி கட்டாம வந்துட்டான் மாப்ளே!" என்று சிரித்தார் பார், அதற்குப் பிறகு எனக்கு எதுவுமே ஞாபகமில்லை. கரை சேர்ந்தோம், பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று ரேடியோவை அணைத்தேன், கூடாரத்தைப் பிரித்தேன். வந்து சேர்ந்தோம் என்று மீட்புக்காரர்களைக் கூப்பிட வேண்டும் என்பது என் தலையில் ஒரு மூலையில்கூட இல்லை. அந்தப் பகுதியில் கைபேசியும் எடுக்காது என்பது உனக்கே தெரியும்.

மணலில் கூடார முளையை ஆழமாக அடிக்காததால் மத்தியானத் தெற்குக் காற்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அத்தான் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். ஆம், ஓடினார். டாக்டர் நடக்கத்தான் சொன்னார் என்று நீ கத்துவது கேட்கிறது. நான் பின்னாலேயே ஓடினேன், பிடித்தது அவர்தான். பிறகு மீனை அறுத்து அடுப்பில் போட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபோது, கடலில் ஓர் ஆரஞ்சுப் படகு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. மேலே ஒரு சின்ன விமானம்.

"யாரோ தொலைஞ்சு போயிருக்காங்க மாப்ளே" என்றார் அத்தான். "நாம இங்க உக்காந்து தின்னுட்டா இருக்கறது? எழுந்திரு."

படகைத் தள்ளிக்கொண்டு போய் அந்த ஆரஞ்சுப் படகை மறித்தோம். அதை ஓட்டியவர் டெப் என்ற பெண்மணி, மீட்புக் குழுத் தலைவி, நம்மை முன்னே பின்னே தெரியாதவர். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"வயசான ரெண்டு பேரைக் காணோம். பழைய பச்சைத் தகரப் படகு. கார் இன்னும் துறையிலேயே நிக்குது, ரேடியோல எத்தனை தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. அதுல ஒருத்தருக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனது வேற."

"அடப் பாவமே!" என்றார் அத்தான். "நெஞ்சு ஆபரேஷன் ஆன ஆளைத் தகரப் படகுல ஏத்தி அனுப்புனது எந்தப் புத்தி கெட்ட குடும்பம்?"

"மச்சினன் கூட்டிட்டுப் போனானாம்."

"அவனைப் புடிச்சு முதல்ல உள்ள போடணும்."

இதைச் சொன்னது நான்தான், அக்கா.

டெப் எங்களைத் தெற்குப் பக்கம் பார்க்கச் சொன்னார். நாங்கள் மனப்பூர்வமாக எங்களைத் தேடினோம். அத்தான் முன்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "யாராவது இருக்கீங்களா? ஓய்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "கெழங்களுக்குக் காது கேக்குமோ என்னவோ, கிட்டப் போ" என்றார். அவருக்கு எழுபத்தொன்று. "அலையை இப்படிக் குறுக்க வாங்குனா எப்படிடா? உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?" என்று என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டு வாங்க வாங்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். ரேடியோவைப் போட வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை.

சூரியன் சாயும் நேரம். யாரையும் காணோம் என்று சொல்ல டெப்பிடம் திரும்பி வந்தோம். அவர் முகம் வாடியிருந்தது. "இருட்டப் போகுது. ஆறு மணி மாத்திரையை அவரு விடவே கூடாதுன்னு அந்தம்மா ஃபோன்ல அழறாங்க" என்றார்.

"ஆறு மணியா? நல்லவேளை ஞாபகப்படுத்துனே. எனக்கும் ஆறு மணிக்குத்தான்" என்று அத்தான் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். மூடியில் உன் கையெழுத்தில் கொட்டை எழுத்தில் 'நெவில்' என்று இருந்தது. டெப் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க பேரு காலினா?"

"ஆமா."

"உங்ககிட்டப் பச்சைப் படகு இருக்கா?"

"அதை மார்ச்லயே வித்துட்டேனேம்மா. இது புத்தம் புதுசு" என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. காலையில் ரேடியோவில் நான் ஒப்பித்தது விற்றுப்போன படகின் எண். அவர்களுடைய பதிவில் அந்த எண்ணுக்கு நேராகப் பச்சைத் தகரம் என்றுதானே இருக்கும்? அவர்கள் இல்லாத ஒரு படகைத் தேடியிருக்கிறார்கள், நாங்களும் கூடவே தேடியிருக்கிறோம். அந்த இடத்திலேயே படகுத் தக்கையைப் பிடுங்கி உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

டெப் ரேடியோவை எடுத்தார். விமானத்தைத் திரும்பிப் போகச் சொன்னார். கரைக்கு வந்து நிற்க வைத்து எங்கள் இருவரையும் விளாசினார். நாங்கள் தலை குனிந்து கேட்டுக்கொண்டோம். ஆள் கிடைத்த செய்தியை உனக்குச் சொல்லிவிட்டு, நீ சொன்ன பதிலை அவர்களுடைய அலுவலகத்து ஆள் ரேடியோவில் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். அது பொது அலைவரிசை. அந்தக் கடற்கரையில் இருந்த ஒவ்வொரு படகும் அதைக் கேட்டது. நம் அம்மாவைப் பற்றிய பகுதியையாவது நீ விட்டிருக்கலாம். அதற்குப் பிறகு டெப்பும் அவர் ஆட்களும் உட்கார்ந்து அத்தானின் வஞ்சிரத்தை ஒரு கை பார்த்தார்கள். தங்கள் வேலை, தூக்கம், டீசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகம் தெரியாத இரண்டு மடையர்களுக்காகக் கடலில் இறங்கியவர்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டதற்கு, "நிதி திரட்ட நாங்க சாசேஜ் சுட்டு விக்கிற கடையில வந்து நில்லுங்க, வெங்காயம் நீங்கதான் உரிக்கணும்" என்றார் டெப். ஆயுள் முழுக்க உரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் போன பிறகு அத்தான் மணலைப் பார்த்துக்கொண்டே, "மாப்ளே, அந்தப் பொண்ணு நெஞ்சு ஆபரேஷன் ஆன ஆளுன்னு சொன்னப்ப, அது நான்னு எனக்குத் தோணவே இல்லைடா" என்றார். பிறகு, "ரோண்டாவை அழ வச்சுட்டோமே" என்றார். இரண்டும் உண்மை. உன்னை அந்த ஒரு மணி நேரம் துடிக்க வைத்ததற்கு நான் உன் காலில் விழ வேண்டும். அதே ஒரு மணி நேரம் அவர் நோயாளி என்பதை அவரே மறந்திருந்ததற்கு யார் காலில் விழுவது என்று தெரியவில்லை. கடலுக்கோ, டெப்புக்கோ, அனுப்பி வைத்த உனக்கோ, எல்லோருக்கும் சேர்த்து நன்றி.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஃபோனில் நீ போட்ட தடையை மதிக்கிறேன். இனி அத்தானைக் கடல் பக்கம் கூட்டிப் போக மாட்டேன். படகை விற்கப் போவதாக விளம்பரம் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸில் மாத்திரையோடும் சுத்தமான சட்டையோடும் அவரை அனுப்புகிறேன். நீ சமாதானமாக வேண்டும், உன் முட்டிவலி தீர வேண்டும், உன் வீட்டில் எல்லாம் நிறைந்து இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி,
காலின்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நீ ஃபோன் செய்தாய். அத்தான் எடுத்தார். அடுத்து ஊற்றிய முட்டையும் கருகிப்போயிற்று, அவர் பேசிக்கொண்டே இருந்தார். வஞ்சிரத்தின் நீளம், நான் ஓட்டும் லட்சணம், டெப்பின் குரல், எல்லாம். பிறகு ஃபோனை என்னிடம் கொடுத்தார். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னதைச் சாட்சிக்கு இங்கே எழுதி வைக்கிறேன்: "அந்தப் படகை வித்தே, உன்னைக் கொன்னுருவேன் காலின். வியாழக்கிழமை பஸ்ல நான் வரேன்." விளம்பரத்தை எடுத்துவிட்டேன். நீ அழுததை அத்தானிடம் சொல்லவில்லை. அவர் இன்னும் பின்பக்கக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறார், அதை உன்னிடம் சொல்லக் கூடாதாம்.