கூடுவாஞ்சேரியில் இறக்கிவிட்ட சம்பந்தி

கிழக்குத் தாம்பரம்,
12.6.1989

அன்பு மைத்துனன் எட்மண்டுக்கு அத்தான் ஜெபராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அக்கா ரத்தினபாயும் மகள் அமலராணியும் இங்கே உயிரோடு இருக்கிறோம். சேலத்தில் நீங்கள் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. ரிட்டையரான வாத்தியார் சும்மா இருக்கக் கூடாது, குட்டியாக ஒரு பிக்கப் வண்டி வாங்கி வாடகைக்கு விடுங்கள் என்று எழுதியவன் நீ. ஷோரூமில் தட்சிணாமூர்த்தி என்றொருவர், "சார், வெறும் வண்டி யார் வேணா வாங்கலாம், ஆப்ஷன்தான் சார் மரியாதை" என்றார். மரியாதைக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் போடச் சொன்னேன். நெம்புகோலை இழுத்தால் பின்தொட்டி தூக்கிக்கொண்டு சரக்கைத் தானாக இறக்கும். அப்போது பின்னால் நிற்பவர்கள் விலகுவதற்காக நாதஸ்வரம் வேறு வாசிக்கும். அந்த நெம்புகோல் ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருப்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு அமலராணிக்காக செங்கல்பட்டில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா சவுரிமுத்து வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வாராம். முன்னால் இடமில்லாததால் பின்தொட்டியில் கைவைத்த நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்துக் கிளம்பினேன். கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் எருமை குறுக்கே வந்தது, பிரேக் என்று நினைத்து இழுத்தேன், நாதஸ்வரம் கேட்டது, ஏதோ கல்யாண ஊர்வலம், நல்ல சகுனம் என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டு, இழுத்ததைப் பழையபடி தள்ளி வண்டியை எடுத்தேன். தாம்பரம் வந்து காபி கலந்த பிறகுதான் அமலராணி, "அப்பா, மாமா எங்கப்பா?" என்று கேட்டாள்.

திரும்பி ஓடினால், ஜி.எஸ்.டி. ரோடு நடுவே மனிதர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நானூறு பேர், காலிக் குடங்களோடு. இருபுறமும் கண்ணுக்கு எட்டிய வரை பஸ். மறியல் என்று நினைத்து ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்களாம், மாலை வேறு போட்டிருந்தார்கள். நான் நாற்காலியைத் தொட்டேனோ இல்லையோ, ஒரு அம்மாள் பாய்ந்து வந்தாள்.

"இன்னா சார், எங்க தலைவரை எங்க இட்டுகினு போற? மூணு மாசமா தண்ணி இல்ல, இப்பத்தான் கேக்க ஒரு ஆளு கெடச்சிருக்காரு!"

"சம்பந்தி, மன்னிக்கணும், வாங்க போகலாம்" என்றேன்.

அவர் குனிந்து என் காதில், "நாப்பது வருஷமா என் வீட்ல என் பேச்சை ஒருத்தரும் கேட்டதில்ல. இங்க பாருங்க, எவ்ளோ பேரு கேக்குறாங்க. கொஞ்சம் இருங்க" என்றார். கண் கலங்கியிருந்தது, எட்மண்ட். எனக்கும்தான்.

அதிகாரி வந்து, தண்ணீர் லாரி வந்து, கடைசிக் குடம் நிரம்பிய பிறகே எழுந்தார். அதே சூட்டில் கல்யாணம் செப்டம்பரில் என்று அங்கேயே அறிவித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

எல்லாம் சுபம்தான். ஆனாலும் அடுத்த தடவை யாரை எங்கே கொட்டுவேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அக்காவோ அந்த வண்டி முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிறாள். சனிக்கிழமை நீயே வந்து அதை ஓட்டிக்கொண்டு போய்விடு. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். தேவன் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அத்தான்,
ஜெபராஜ்

பி.கு. (மறுநாள் எழுதுவது): வர வேண்டாம். உன் அக்கா எனக்குத் தெரியாமல் இரண்டு மாதமாக டிரைவிங் கற்றிருக்கிறாள். வண்டி முகத்தில் விழிக்கமாட்டேன் என்றது நான் ஓட்டினால்தானாம். வண்டியை யாருக்கும் கொடுக்கவே கூடாது என்று உன்னிடம் நேரில் சொல்ல, இன்று காலை அதிலேயே சேலத்துக்குக் கிளம்பிவிட்டாள். இதை நீ படிக்கும்போது அவள் பக்கத்தில் இருந்தால், நான் வண்டியைப் புகழ்ந்து எழுதியிருப்பதாகச் சொல்.