லாமாவுக்கு இறப்புச் சான்றிதழ்

எங்கள் நாட்டுத் தலைநகரிடம் எதை வேண்டுமானாலும் கேள், சடங்குச் சாமான் மட்டும் கேட்காதே என்று தூதரகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ரொக்சானா கேட்டுவிட்டாள்.

“காய்ஞ்ச லாமாக் குட்டி ஒண்ணு வேணும். பிறக்காமலே செத்தது. அஸ்திவாரத்துல புதைக்க.”

தூதரகத்தின் இரண்டாம் ஆளான நெட்டை எஸ்பென் கண்ணை மூடிக்கொண்டார்.

தென் அமெரிக்க மலைநகரமான லா பாஸில் ஓர் ஐரோப்பிய ராஜ்ஜியம் புதுத் தூதரகம் கட்டுகிறது. வெள்ளிக்கிழமை அவர்களுடைய வெளியுறவு மந்திரி வந்து முதல் கல்லை வைக்க வேண்டும். நூறாண்டு நட்பாம். ஆனால் கல்லை வைக்கக் குழி இல்லை. கொத்தனார்கள் ஒரு வாரமாக மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறார்கள்.

பூமித்தாய்க்கு, ஒட்டக ஜாதி மலை மிருகமான லாமாவைப் படைக்காமல் இந்த ஊரில் யாரும் மண்ணைத் தொட மாட்டார்கள் என்று விளக்கியவரே எஸ்பென்தான். ஏதோ புத்தகத்தில் படித்தாராம். உள்ளூர்க்காரியான ரொக்சானாவும் மறுக்கவில்லை, பக்கத்து ஊரான எல் ஆல்ட்டோவில் அவள் மாமா வீட்டு அடியிலும் ஒன்று கிடக்கிறது. கொத்தனார்களிடம் பேசுவது எஸ்பெனுடைய வேலை. உள்ளூர் ஊழியர்கள் பேசினால் ராஜதந்திரம் கெட்டுவிடுமாம். அவளுடைய வேலை தீர்வு கண்டுபிடிப்பது. வெள்ளிக்குள் குழி விழாவிட்டால் ஒப்பந்தம் நீளாது என்றும் சொல்லிவைத்தார். அவள் குடும்பத்தில் முதல் பட்டம், முதல் மாதச் சம்பளம். இரண்டும் இப்போது ஒரு செத்த குட்டியை நம்பி நின்றன.

தலைநகரிலிருந்து பதில் வந்தது. குட்டி இயற்கையாகத்தான் இறந்தது என்று கால்நடை மருத்துவர் சான்றிதழ் தர வேண்டும். பிறக்காததற்கு எந்த மருத்துவரும் இறப்புச் சான்று தரவில்லை.

சரி, கம்பளி பொம்மை லாமா போதும் என்று தூதர் முடிவெடுத்தார். விஷயம் கசிந்தது. பூமித்தாய்க்குப் பொம்மையா என்று உள்ளூர் அரசின் அமைச்சகத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. சமாதானத்துக்கு, பூசாரியும் பேண்டு வாத்தியமும் வைத்து, தூதரே மண்டியிட்டுப் படைப்பார் என்று எஸ்பென் வாக்குக் கொடுத்தார். அன்னிய மண்ணில் நம் தூதர் மண்டியிடக் கூடாது என்று தலைநகர் பதறியது. தூதரக நிலம் நம்முடையதுதானே என்று தூதர் எழுதினார். அப்படியானால் அங்கே இருப்பது நம் நாட்டுப் பூமித்தாய், அவள் லாமா சாப்பிடுவாளா என்று சட்டப்பிரிவு விளக்கம் கேட்டது.

வியாழக்கிழமை எஸ்பென் ஒரு காகிதத்தை நீட்டினார். இந்த மூடநம்பிக்கையைத் தூதரகத்துக்குள் கொண்டுவந்தவள் நான்தான் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னும் ஆறு மாதம் வேலை.

“உங்க ஜனங்களோட நம்பிக்கைதானே ரொக்சானா. நீ சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.”

“என் ஜனங்களைப் பத்தி நீங்க படிச்ச புத்தகத்துலயே கையெழுத்து வாங்கிக்குங்க.”

அடையாள அட்டையைக் கழற்றி அவர் காபிக் கோப்பைக்குள் போட்டுவிட்டு இறங்கினாள்.

வாசலில் மேஸ்திரி எலியோதோரோ மணல் குவியல்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். இத்தனை நாளில் அவள் அவரிடம் பேசியதே இல்லை. இனித் தடையில்லை.

“மேஸ்திரி, உங்களுக்கு லாமா வராது. வேற வேலை பாருங்க.”

“எங்களுக்கு எதுக்கும்மா லாமா? நாங்க அத்தனை பேரும் பெந்தகோஸ்தே சபை.”

ரொக்சானா நிற்கவில்லை. கேட்டைத் தாண்டிவிட்டாள். அவர் பின்னாலிருந்து குரலை உயர்த்தினார்.

“அந்த நெட்டை மனுஷன்தான் லாமா வர்ற வரைக்கும் மண்ணைத் தொடாதேன்னாரு. பாவம், அவங்க ஊர்ச் சாமி குத்தம் போலன்னு நாங்களும் மரியாதைக்குச் சும்மா இருந்தோம்.”